எழுத்துடைமை

விருதுநகரை அடுத்துச் சூலக்கரை என்னும் ஊர் உள்ளது. மதுரையிலிருந்து சாத்தூர், கோவில்பட்டி வழியாகக் குமரி நோக்கிச் செல்லும் பெருஞ்சாலை அவ்வூர்ப் பக்கமாகச் செல்கின்றது. சுற்றிலும் கரிசல் நிலம். வானம் பார்த்த பூமி. பருத்தியும் சோளமும் கம்பும் பருவமழையை நம்பி விளைவன. இப்புஞ்சை நிலங்களுக்குப் பெரும்பாலும் வேலி இல்லை. ஒருவர் நிலத்திற்கும் அடுத்தவர் நிலத்திற்கும் இடையே பொழி எனப்படும் வரம்பு ஒன்றே எல்லையாகும். பருத்தி வெடித்து வெண்ணிறமாய்ப் பொலியுங் காலத்தில் வழிப்போக்கர் பலர் அதன் ஓரமாக நடந்து செல்வர். கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்ற காரணத்தால் அது தமக்கு உரியது என்று அவருள் ஒருவரும் கருதுவதில்லை. உழுதவர் இன்னார், விதைத்தவர் இன்னார் என்பதை ஊர் அறியும்.

எழுத்துக்கும் அத்தகைய எல்லை உண்டு என்பது பலருக்கு எளிதிற் புலப்படுவதில்லை. அதற்குக் காரணமும் உண்டு. நிலத்திலுள்ள பருத்தியை ஒருவன் எடுத்துச் சென்றால் அங்கே அது குறைந்துவிடும். ஒரு கதையையோ கவிதையையோ படியெடுத்தால் மூலம் முன்போலவே இருக்கும். குறைவுபடாத ஒன்றை எடுத்தலைக் களவென்று எங்ஙனம் கூறுவது என்னும் ஐயம் இயல்பாகவே தோன்றும். பண்டு ஒரு நூலைப் படியெடுக்க வேண்டுமாயின் ஓலையும் எழுத்தாணியும், பல நாள் உழைப்பும் வேண்டியிருந்தன. இன்றோ கைப்பேசித் திரையின்மீது விரலை ஒருமுறை வைத்தாற் போதும். நானூறு பக்க நூல் நானூறு பேரிடம் நொடிப்பொழுதிற் சென்று சேர்கின்றது. அனுப்பியவர் தாம் தவறொன்றும் செய்ததாக நினைப்பதில்லை. நல்லதொரு நூலைப் பலரும் படிக்கச் செய்தோம் என்று மகிழவுஞ் செய்கின்றார். அம்மகிழ்ச்சி பொய்யன்று. ஆயினும் அதனால் இழப்புற்றவர் ஒருவர் உளர். அவர் கண்ணுக்குத் தோன்றாத தொலைவில் இருக்கின்றார். அவ்விழப்பு எத்தகையது என்பதை உணர்வதற்குச் சூலக்கரைக்குத் தெற்கே, கோவில்பட்டிக்கு அப்பாலுள்ள எட்டயபுரத்திற் பிறந்த கவிஞர் ஒருவரின் நூல்கள் அடைந்த நிலையை அறிதல் பெரிதும் உதவும்.

சுப்பிரமணிய பாரதியார் 1882 ஆம் ஆண்டு டிசம்பர் 11 ஆம் நாள் பிறந்தார். அவர்தம் வாழ்நாளில் அச்சேறிய நூல்கள் சிலவே. கைப்படியாக இருந்தவையும் இதழ்களிற் சிதறிக் கிடந்தவையும் பல. 1920 ஆம் ஆண்டில் அவர் தம் எழுத்துக்கள் அனைத்தையும் 40 நூல்களாக வகுத்து, ஒவ்வொன்றிலும் 10,000 படிகள் அச்சிடத் திட்டமிட்டார். அதற்குப் பொருளுதவி வேண்டி நண்பர்களுக்கும் அன்பர்களுக்கும் சுற்றுமடல் விடுத்தார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலத் தம் நூல்கள் வீடுதோறும் எளிதாகவும் விரைவாகவும் விலையாகும் என்பது அவர் கொண்டிருந்த நம்பிக்கை. அந்நாளில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தோன்றவில்லை. பி. ஐய நாடாரும் ஆ. சண்முக நாடாரும் கல்கத்தாவிற்குச் சென்று அத்தொழிலைக் கற்று வந்து தொடங்கியது 1922, 1923 ஆம் ஆண்டுகளிலேயாம். தீப்பெட்டி, கவிஞர் எண்ணியவாறே வீடுதோறும் சென்றது. நூல்களுக்கான பொருள் வந்து சேரவில்லை. 1921 ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் திருவல்லிக்கேணியிற் காலமானார். மனைவியும் மகளிர் இருவரும் எஞ்சினர். அவர்களுக்கு அவர் விட்டுச் சென்ற செல்வம் அவ்வெழுத்துக்களே.

செல்லம்மா பாரதி தம் உடன்பிறந்தாரின் துணையோடு பாரதி ஆசிரமம் என்னும் பதிப்பகத்தைத் தொடங்கிக் கணவரின் பாடல்களை அச்சிட்டார். பதிப்புத் தொழில் முதலீடு வேண்டுவது. அஃது அவரிடம் இல்லை. பின்னர்ப் பாரதியாரின் இளவலான சி. விசுவநாதன் முதலியோர் நடத்திய பாரதி பிரசுராலயம் நூல்களை வெளியிட்டது; பதிப்புரிமையும் அவர்கள்பாற் சென்றது. இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் அப்பாடல்களைப் பயன்படுத்தும் உரிமையோ தனியே பிரிந்து ஒரு வணிகரிடம் போயிற்று. அவரிடமிருந்து ஏவி. மெய்யப்பச் செட்டியார் அதனை விலைக்கு வாங்கினார். 1947 இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ என்னும் திரைப்படத்தில் டி. கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் நாடெங்கும் ஒலித்தன. மறு ஆண்டில் டி. கே. எஸ். சகோதரர்கள் தம் ‘பில்ஹணன்’ திரைப்படத்தில் பாரதியார் பாடலொன்றைப் பயன்படுத்தினர். உரிமை பெறாமற் பயன்படுத்தியது தவறென்று வழக்கு எழுந்தது. சட்டப்படி நோக்கின் உரிமை ஒருவரிடம் இருந்தது. மக்கள் உணர்ச்சியோ வேறாக இருந்தது. விடுதலைக்குப் பாடிய கவிஞரின் பாட்டுக்கு விடுதலை இல்லையா என்று தமிழெழுத்தாளர் கேட்டனர். நாரண துரைக்கண்ணன் முதலியோர் முன்னின்று இதற்கென இயக்கம் நடத்தினர்.

ஈண்டு மாணவர் உற்று நோக்கத் தக்கது ஒன்று உண்டு. அவ்வெழுத்தாளர்கள் உரிமையை மீறிப் பாரதி பாடல்களைத் தாமே அச்சிட்டுப் பரப்ப முற்படவில்லை. உரிமையுடையோரிடமும் அரசினிடமும் சென்று கேட்டனர். கவிஞரின் குடும்பத்தாருடைய இசைவை நாடினர். ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பில் இருந்தபோது, 1949 ஆம் ஆண்டில், பாரதியார் நூல்களின் உரிமையை அரசு ஏற்கும் என்ற அறிவிப்பு வெளிவந்தது. மெய்யப்பச் செட்டியார் தம்மிடமிருந்த உரிமையைப் பொருளேதும் பெறாமல் வழங்கினார். கவிஞரின் மனைவிக்கும் மகளிர்க்கும் அரசு பணம் அளித்தது. பின்னர் 1950 களில் அந்நூல்கள் மக்கள் அனைவர்க்கும் பொதுவாயின. எழுத்தாளர் ஒருவரின் படைப்புக்கள் முழுவதையும் அரசே பெற்று நாட்டுடைமை ஆக்கியது இந்தியாவில் அதுவே முதன்முறையாகும். இன்று எவரும் பாரதியார் பாடலை அச்சிடலாம், பாடலாம், இணையத்தில் ஏற்றலாம். அவ்வுரிமை தானே வந்ததன்று, கேட்டுப் பெற்றது.

இவ்வரலாற்றில் இரு பக்க நியாயமும் உண்டு. எழுத்துக்கு உரிமையென ஒன்று இல்லாதிருப்பின் செல்லம்மா பாரதிக்கு ஒரு காசும் கிடைத்திராது. வல்லவர் எவரும் கவிஞரின் பாடல்களை அச்சிட்டு விற்றுப் பொருளீட்டியிருப்பர். அவ்வுரிமை முடிவில்லாததாக இருப்பினோ, மக்கள் தம் கவிஞரின் பாட்டைப் பாடுவதற்கும் தலைமுறை தலைமுறையாக ஒருவரிடம் கைகட்டி நிற்க நேரும். இவ்விரண்டிற்கும் இடையே ஒரு கால எல்லையை வகுப்பதே பதிப்புரிமைச் சட்டத்தின் நோக்கமாகும்.

இத்தகைய சட்டங்களுள் முன்னோடி, இங்கிலாந்தில் 1710 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்ததாகும். அது நூலாசிரியருக்கு 14 ஆண்டு உரிமை அளித்தது. அவர் உயிரோடிருப்பின் மேலும் 14 ஆண்டு நீட்டித்தது. இந்தியாவில் 1847 இலும் 1914 இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. இன்று நடைமுறையில் உள்ளது 1957 ஆம் ஆண்டுச் சட்டம். 1958 ஜனவரி முதற்கொண்டு செயற்பட்டு வருவது. காலத்திற்கேற்பப் பலமுறை திருத்தப்பட்டது. இச்சட்டப்படி ஆசிரியர் வாழ்நாள் முழுவதும் உரிமை அவருக்கே உண்டு. அவர் மறைந்த ஆண்டிற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் அஃது அவர்தம் வாரிசுகளைச் சாரும். முதலில் இது 50 ஆண்டுகளாக இருந்தது. 1941 இல் மறைந்த இரவீந்திரநாத தாகூரின் நூல்களுக்குரிய காலம் 1991 ஆம் ஆண்டோடு முடிவதாக இருந்தது. அதனைக் கருதியே அரசு 50 ஐ 60 ஆக உயர்த்தியது. ஒரு கவிஞரின் பொருட்டு நாட்டிலுள்ள எழுத்தாளர் அனைவரும் பத்தாண்டுப் பயன் பெற்றனர். படிப்போர் பத்தாண்டு காத்திருந்தனர் எனவும் கூறலாம்.

காலத்தைக் கணக்கிடுதல் அரிதன்று. 1970 இல் ஓர் ஆசிரியர் மறைந்தாரெனின் 1971 தொடங்கி 2030 ஆம் ஆண்டின் இறுதி வரை அவர் நூல்கள் உரிமைக்கு உட்பட்டவை. 1942 இல் மறைந்த உ. வே. சாமிநாதையரின் நூல்களுக்குரிய காலம் 2002 ஆம் ஆண்டோடு முடிந்தது. பழந்தமிழ் நூல்களைப் பொறுத்த மட்டில் மயக்கமொன்று நேர்வதுண்டு. திருக்குறள் யாருக்கும் தனியுடைமையன்று. அதனை எவரும் எங்கும் வெளியிடலாம். அதற்கு அண்மைக் காலத்தவர் எழுதிய உரை அவ்வாறன்று. குறளுக்கு உரியவர் இல்லை என்பதால் உரைக்கும் உரியவர் இல்லை எனக் கொள்ளுதல், ஊர்ப்பொதுக் கிணற்றின் அருகே ஒருவர் கட்டிய வீட்டையும் பொதுவென்று கொள்வதை ஒக்கும். சங்கநூற் பதிப்பொன்றில் மூலம் பொது. பதிப்பாசிரியரின் முன்னுரையும் குறிப்புரையும் அவருடையவை. குறளும் உரையும் ஒருங்கே படியெடுக்கப்பட்டு இணையத்தில் உலவும்போது இவ்வேறுபாடு பலராலும் மறக்கப்படுகின்றது.

சட்டம் காப்பது கருத்தையன்று, கருத்தை வெளியிட்ட வடிவத்தையே. மழைநீரைச் சேமிக்க வேண்டும் என்னும் கருத்து யாருக்கும் சொந்தமன்று. அதனை ஒருவர் ஒரு கட்டுரையாக எழுதினால் அச்சொற்கோவை அவருடையதாகும். அதனைப் படித்துத் தெளிந்து தன் சொல்லால் எழுத மற்றொருவனுக்கு முழுவுரிமை உண்டு. இரண்டு சொல்லை மாற்றி, ஒரு தொடரை முன்பின்னாக வைத்துவிட்டுத் தன்னுடையது என்று கூறுதல் தன் சொல்லால் எழுதியதாகாது. இதனைத் தேர்வுத்தாள் திருத்தும் ஆசிரியர்கள் சட்டநூலைப் பாராமலே கண்டுகொள்வர். எழுத்துரிமையைப் பெறுவதற்குப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தாளில் எழுதிய அக்கணமே உரிமை பிறந்துவிடும். எழுதியவர் புகழ்பெற்ற புலவராயினும் பள்ளிச் சிறுமியாயினும் சட்டத்தின்முன் வேறுபாடில்லை.

பொருள் வருவாயினும் பெரிதாகப் போற்றப்படுவது ஒன்று உண்டு, அது பெயர். நூலுக்குரிய சிறப்புப் பாயிரம் எவற்றைக் கூறவேண்டும் என்று இலக்கண நூலார் வரையறுத்தபோது ஆக்கியோன் பெயரையே முதலில் வைத்தனர். நூலின் பெயர், அது நுவலும் பொருள், அதனால் வரும் பயன் ஆகியவை எல்லாம் அதற்குப் பின்னரே வருவன. பிறர் கருத்தை எடுத்துக் கூறுவதனைப் ‘பிறன்கோட் கூறல்’ என்று ஓர் உத்தியாகவே தொல்காப்பியர் குறித்தார். பிறனது கோள் என்று அறிவித்துக் கூறுதலே அங்கு வேண்டப்பட்டது. நன்னூலார் தம்முன் இருந்த நூலினின்றும் நூற்பாக்களை அவ்வாறே எடுத்தாண்டார். அங்ஙனம் எடுத்தாளுவது முன்னோர் மொழியைப் பொன்போல் மதித்தலின் அடையாளம் என்று காரணமும் காட்டினார். மதித்து எடுப்பவன் மறைக்க மாட்டான். மறைத்து எடுப்பவன் மதிப்பதாகக் கூறுதல் பொருந்தாது.

இன்றைய சட்டமும் இதனைத் தனியுரிமையாக ஏற்றுள்ளது. இது தான் எழுதியது என்று கூறும் உரிமையும், தன் புகழுக்கு ஊறு நேருமாறு அதனைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையும், பதிப்புரிமையை விற்றுவிட்ட பின்னரும் ஆசிரியரை விட்டு நீங்குவதில்லை. இந்தி நாவலாசிரியர் மன்னு பண்டாரி தம் ‘ஆப் கா பண்டி’ என்னும் நாவலைத் திரைப்படமாக்கும் உரிமையை விற்றிருந்தார். படத்தில் கதை திரிக்கப்பட்டதென்று அவர் வழக்குத் தொடுத்தபோது, தில்லி உயர்நீதிமன்றம் 1986 இல் அவருக்கு அவ்வுரிமை உண்டென்பதை ஏற்றுக்கொண்டது.

பெயர் நீங்குவதனால் விளையும் தீங்கினை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். சூலக்கரையில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, மழை பொய்த்த ஆண்டில் தன் தந்தையார் உழவைவிட்டுத் தீப்பெட்டி ஆலைக்கு வேலைக்குச் சென்றதைப் பற்றி ஒரு கவிதை எழுதினாள் என்று கொள்க. அதன் கீழே தன் பெயரையும் ஊரையும் எழுதித் தோழியர் குழுவிற்குக் கைப்பேசி வழியே அனுப்பினாள். தோழி ஒருத்தி அதனைத் தன் அண்ணனுக்கு அனுப்பினாள். அவன் கவிதையை மட்டும் எடுத்து, ‘படித்ததில் பிடித்தது’ என்ற தலைப்பிட்டு வேறொரு குழுவில் இட்டான். தீய எண்ணம் அவனுக்கு இல்லை. பெயர் வேண்டுமென்று தோன்றவில்லை, அவ்வளவே. நான்காம் கையில் கடைசி இரண்டு அடிகள் உருக்கமாக இல்லை என்று மாற்றப்பட்டன. ஐந்தாம் கையில் புகழ்பெற்ற கவிஞர் ஒருவரின் பெயர் கீழே சேர்ந்தது. மூன்று திங்கள் கழித்து மாவட்ட அளவில் நடந்த போட்டிக்கு அம்மாணவி தன் கவிதையை அனுப்பினாள். நடுவர் அதனை முன்பே கைப்பேசியிற் கண்டிருந்தார். கவிஞரின் பாடலைத் திருடி, ஈற்றடியையும் கெடுத்து அனுப்பியிருக்கின்றாள் என்று கருதி ஒதுக்கிவிட்டார். உழுது விதைத்தவள் கள்ளியானாள். இதில் எவரும் ஒரு காசும் ஈட்டவில்லை. ‘விற்றாலன்றோ தவறு? சும்மா பகிர்வதில் என்ன?’ என்று வினவுவார்க்கு இம்மாணவியின் நிலையே விடையாகும்.

சூலக்கரையிலிருந்து சிவகாசி தொலைவிலில்லை. பட்டாசு, தீப்பெட்டி ஆகியவற்றிற்கு மேலொட்டும் வண்ணச் சீட்டுக்களை அச்சிடத் தொடங்கி, நாட்காட்டி, நாட்குறிப்பேடு, பாடக்குறிப்பேடு எனப் பலவும் அச்சிடும் பேரூராக அது வளர்ந்தது. அங்கே அச்சகம் நடத்துவோர் ஒருவரிடம் யாரேனும் ஒரு நூலைக் கொண்டுவந்து, ‘இதனை ஆயிரம் படி அச்சிட்டுத் தருக’ என்றால், அது யாருடையது, அச்சிட உரிமை உண்டா என்று கேட்பதே அத்தொழிலின் முறை. கேளாமல் அச்சிட்டால் வழக்கு அச்சகத்தின் வாயிலுக்கே வரும். அச்சிடுதல் என்பது சிலருக்கே உரிய தொழிலாக இருந்த காலத்தில் இவ்வினாவும் அவருக்கே உரியதாக இருந்தது. இன்று ஒவ்வொருவர் கையிலும் ஓர் அச்சகம் இருக்கின்றது. அச்சகத்தின் ஆற்றல் கைக்கு வந்தது. அச்சகத்தார் கேட்கும் வினா உடன் வரவில்லை.

தமிழ்நூல் எழுதுவோர் பெரும்பொருள் ஈட்டுகின்றனர் என்ற எண்ணமும் சிலரிடம் உண்டு. அதனையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு நூலின் விலை 200 ரூபாய் எனவும், 500 படிகள் அச்சிடப்பட்டன எனவும் கொள்க. ஆசிரியர்க்கு நூற்றுக்குப் பத்து என்னும் வழக்கமான விழுக்காட்டில், படி ஒன்றுக்கு 20 ரூபாய் கிடைக்கும். எல்லாப் படிகளும் விற்றாலும் அவர் பெறுவது 10,000 ரூபாய். இரண்டாண்டு உழைத்து எழுதியதற்கு ஊதியம் அது. அந்நூலை ஒருவர் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக் கோப்பாக்கிக் குழுக்களில் இட, வாங்கியிருக்கக் கூடிய 150 பேர் வாங்காது விடுவரேல், ஆசிரியர் 3,000 ரூபாய் இழப்பார். பதிப்பாளரிடம் விற்காத படிகள் தேங்கும். அவ்வாசிரியரின் அடுத்த நூலை அச்சிட அவர் தயங்குவார். நூல் கட்டும் தொழிலாளிக்கும் அந்த அளவிற்கு வேலை குறையும். எவரோ ஒரு பெருஞ்செல்வரின் பெட்டியிலிருந்து சிறிது எடுத்ததாக நினைத்தது, உண்மையில் சிறு விவசாயி ஒருவரின் களத்துமேட்டிலிருந்து அள்ளியதாய் முடிகின்றது.

அங்ஙனமாயின் பிறர் எழுத்தைத் தொடவே கூடாதோ என்று அஞ்ச வேண்டுவதில்லை. தனிப்பட்ட முறையில் கற்பதற்கும், ஆராய்வதற்கும், ஒரு நூலைப் பற்றி மதிப்புரையும் திறனாய்வும் எழுதுவதற்கும் வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளச் சட்டம் இடந்தருகின்றது. பாடம் நடத்துதற்பொருட்டு ஆசிரியரும் மாணவரும் படியெடுக்கலாம். தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு நகலகம், பாடத்திற்குரிய பகுதிகளைப் பல நூல்களினின்றும் படியெடுத்துத் தொகுத்து மாணவர்க்கு அளித்து வந்தது. பெரும் பதிப்பகங்கள் சில வழக்குத் தொடுத்தன. கல்வியின் பொருட்டு அவ்வாறு செய்வது குற்றமாகாது என்று 2016 ஆம் ஆண்டில் தில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயின், வகுப்பிலுள்ளார்க்குப் பாடத்தின் பொருட்டு அளிப்பது வேறு. உலகோர் அனைவரும் எடுத்துக்கொள்ளுமாறு முழு நூலையும் இணையத்தில் ஏற்றிவிடுவது வேறு. முன்னதற்குக் கிடைத்த இடத்தைப் பின்னதற்கும் உரியதாக்கிக் கொள்ளுதல் முறையன்று.

எவ்வளவு எடுப்பது சிறுபகுதி என்பதற்குச் சட்டம் விரற்கடைக் கணக்குச் சொல்லவில்லை. முந்நூறு பக்க நாவலில் ஒரு பத்தியை எடுத்துக்காட்டுதல் சிறிதேயாம். எட்டு வரிக் கவிதையில் எட்டு வரியையும் எடுத்தால் அது முழுநூலை எடுத்ததற்கு நிகர். கவிஞர்கள் பெரிதும் இழப்புறுவது இதனாலேதான். ‘ஆசிரியர் பெயரைப் போட்டுவிட்டோமே’ என்பதும் முழுமையான விடையன்று. பெயரைக் குறித்தல் கடமை. ஆனால் அது இசைவுக்கு ஈடாகாது. ஒருவர் மாட்டு வண்டியை அவிழ்த்து ஓட்டிச் சென்று, இஃது இன்னாருடைய வண்டி என்று வழிநெடுகக் கூறிக்கொண்டு போவதால் வண்டிக்காரர்க்கு ஆறுதல் உண்டாகாது. ‘முன்பே இணையத்தில் இருந்தது’ என்பதும் அவ்வாறே. வேண்டுமென்றே உரிமையை மீறினார்க்கு ஆறு திங்கள் முதல் மூன்றாண்டு வரை சிறையும், ஐம்பதினாயிரம் முதல் இரண்டு இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. வணிகத்தில் ஊதியம் கருதாத நிலையில் நீதிமன்றம் இதனைக் குறைக்கலாம்.

இத்தனை அச்சத்திற்கும் இடமின்றி எளிதாகச் செய்யத்தக்கன உண்டு. இணையத்தில் ஒரு கட்டுரை நன்றாயிருப்பின் அதனைப் பெயர்த்தெடுத்து அனுப்புவதினும் அஃது உள்ள முகவரியை அனுப்புதல் நன்று. படிப்பவர் ஆசிரியரின் இடத்திற்கே சென்று படிப்பர். அவருடைய பிற எழுத்துக்களையும் காண்பர். திருத்தம் செய்திருப்பின் திருந்திய வடிவமே கிடைக்கும். முழுவதையும் வெளியிட விரும்பினால் ஆசிரியருக்கோ பதிப்பாளருக்கோ ஒரு மடல் எழுதிக் கேட்கலாம். இன்ன நூலில் இன்ன பகுதி, இன்ன இடத்தில், இன்ன நோக்கத்திற்காக, எத்துணைக் காலத்திற்கு என்பவற்றை அம்மடலிற் குறித்தல் வேண்டும். தம் எழுத்தைப் பிறர் விரும்பிக் கேட்பது எழுதுவோர்க்கு உவகை தருவது. ஊதியம் இல்லாத பகிர்வுக்குப் பலர் இசைவர். மறுமொழி வராதிருத்தலை மட்டும் இசைவென்று கொள்ளலாகாது.

கேளாமலே எடுத்துக்கொள்ளத்தக்க நூல்களும் குறைவல்ல. பாரதியாருக்குப் பின்னர் நூற்றுக்கு மேற்பட்ட தமிழறிஞர்களின் நூல்களைத் தமிழக அரசு, அவர்தம் வழியினர்க்குப் பரிவுத்தொகை அளித்து நாட்டுடைமை ஆக்கியுள்ளது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அவற்றுட் பல கிடைக்கின்றன. சில ஆசிரியர்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் உரிமத்தின்கீழ்த் தம் நூல்களைத் தாமே பொதுவில் வைக்கின்றனர். பெயர் குறித்தல் வேண்டும், விற்றல் கூடாது என்பன போன்ற கட்டுப்பாடுகளை அவ்வுரிமத்திற் காணலாம். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் நூலகம் என்னும் மின்னூலகம் 2005 ஆம் ஆண்டு முதல் உரிமையுடையோரின் இசைவை நாடித் திரட்டி வருகின்றது. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் தீக்கிரையானபோது மீட்க முடியாதனவாய் அழிந்த நூல்களும் ஏடுகளும் பல. படியெடுத்துப் பல இடங்களில் வைத்தலின் அருமையை அவ்விழப்பை அறிந்தவர் நன்குணர்வர். ஆகவே படியெடுத்தல் இகழத்தக்க செயலன்று. தமிழ்நூல்கள் இன்றளவும் இருப்பதே ஓலையிற் படியெடுத்தோரின் உழைப்பினால்.

அவ்வுழைப்பின் இக்கால வடிவம் மதுரைத் திட்டம். 1998 ஆம் ஆண்டு பொங்கல் திருநாளன்று இது தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் இதனை முன்னின்று நடத்துபவர். பல நாடுகளிலுள்ள தமிழர் ஊதியம் கருதாது பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதியும் பிழை நோக்கியும் தந்தனர். காலங்கடந்த நூல்களைப் பொதுவென்று எடுத்துக்கொண்டனர். இக்கால நூல்களை உரியவர் இசைவோடு சேர்த்தனர். விலை ஏதுமில்லை; எவரும் எடுத்து எவருக்கும் அளிக்கலாம். அவர்கள் வேண்டுவது ஒன்றே: நூலின் முன்னே உள்ள முகப்புப் பக்கத்தை நீக்காமல் அளித்தல் வேண்டும். மூலநூலைத் தந்தவர் யார், தட்டெழுதியவர் யார், பிழை நோக்கியவர் யார் என்பவை அப்பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும். அம்முகப்பு நீக்கப்பட்ட படிகளும் இன்று கைப்பேசிகளில் உலவுகின்றன. அவற்றில் நூல் முழுமையாக இருக்கின்றது. இரவெல்லாம் விழித்திருந்து அதனைத் தட்டெழுதியவரின் பெயர் இல்லை.